மிச்சமாகாத அந்த ஒரு ராத்திரி வாடகை

வியட்நாமுக்கு முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள். ராத்திரி பஸ்ஸில் ஏறினால் தூங்கிக்கொண்டே ஊர் மாறிவிடலாம், ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம். பயண வீடியோ போடுகிறவர்களும் இதையேதான் ஓதுகிறார்கள். எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. ராத்திரி பஸ்ஸே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்த ராத்திரி பஸ் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றி. நம்ம ஆம்னி பஸ் ஸ்லீப்பரை மனதில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். அங்கே சாதாரண ஸ்லீப்பரில் மூன்று வரிசை, நடுவில் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு இரண்டு நடைபாதை, மேலும் கீழுமாகப் படுக்கை. படுக்கை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். முதுகு பாதி நிமிர்ந்தபடிதான் இருக்கும். முன்னால் படுத்திருப்பவரின் தலைக்குக் கீழே ஒரு பெட்டி மாதிரி இருக்கும், நம் கால் அதற்குள் போக வேண்டும். ஐந்தரை அடிக்குள் இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆறடி ஆசாமி ராத்திரி முழுக்க முழங்காலை எங்கே வைப்பது என்றே யோசித்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஐந்து பேர் பக்கத்தில் பக்கத்தில் படுக்கிற மேடை ஒன்று உண்டு. தனியாகப் போகும் பெண்கள் அந்த இடத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மறுத்துவிடுங்கள். எனக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் தனித் தடுப்பும் திரையும் உள்ள 'கேபின்' படுக்கை என்று படம் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு, அந்த மேடையின் நடு இடத்தைத்தான் கொடுத்தார். இரண்டு பக்கமும் குறட்டை.

ஆனால் அந்த ஊர் வண்டியில் எனக்குப் பிடித்த விஷயமும் உண்டு. ஏறும்போதே ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொடுப்பார்கள். செருப்பு, ஷூ எல்லாம் அதற்குள். யாராக இருந்தாலும் வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது கிளீனர் ஒரு கூடை நிறையப் பிளாஸ்டிக் செருப்பைக் கதவருகே கொட்டுவார். யாருக்கு எது கிடைக்கிறதோ அதுதான். இடதில் நீலம், வலதில் சிவப்பு போட்டுக்கொண்டு ஐரோப்பியர்களும் உள்ளூர்ப் பாட்டிகளும் கழிப்பறைக்கு வரிசையில் நிற்பார்கள். பல வண்டிகளில் கழிப்பறை கிடையாது. அதனால் நிறுத்தும் இடத்தில் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் இறங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஓட்டுநர் ஒரே மூச்சில் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது அங்கே சட்டம், எப்படியும் நிறுத்துவார்கள். சைவக்காரர்களுக்கு அந்தக் கடைகளில் பெரிதாக எதுவும் கிடைக்காது, வாழைப்பழம் கையில் இருக்கட்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். தலைநகர் ஹனோயின் பழைய நகரப் பகுதியில் டார்மில், அதாவது பலர் சேர்ந்து தங்கும் அறையில், ஒரு கட்டில் நம்ம காசுக்கு 500, 600 ரூபாய்க்குக் கிடைக்கும். நீங்கள் மிச்சம் பிடிப்பது இவ்வளவுதான். அதற்குப் பதிலாகக் கொடுப்பது மறுநாள் முழுவதும். ஹனோயிலிருந்து வடக்கே மலை ஊரான சாபாவுக்குப் போகும் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அது நிஜமாகவே ஒரு ராத்திரிப் பயணம். 2014இல் ஹனோயிலிருந்து சாபா மலைக்குக் கீழே இருக்கும் லாவ் காய் ஊர் வரை விரைவுச்சாலை திறந்த பிறகு ஐந்து, ஆறு மணி நேரத்தில் போய்விடலாம். ராத்திரி 10 மணிக்குக் கிளம்பிய வண்டி விடிவதற்கு வெகு முன்பே சாபாவில் போய் நிற்கிறது. அதனால் பல கம்பெனிகள் நிறுத்திய வண்டியிலேயே 6 மணி வரை படுத்திருக்க விடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், மலையேற வந்தவர்கள் அந்த மலையடிவாரத்திலேயே நின்றுபோன பஸ்ஸுக்குள் கிடக்கிறார்கள். சாபா 1500 மீட்டர் உயரம், டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்துக் குளிர் லேசுப்பட்டதில்லை. ஹோட்டலில் மதியம்தான் ரூம். அதுவரை காபிக் கடையில் தூங்கி வழிய வேண்டியதுதான்.

லாவ் காயிலிருந்து சாபாவுக்கு ஏறும் வளைவுகளையும் பள்ளத்தாக்கையும் இருட்டில் தொலைத்துவிட்டு, மறுநாள் அதே காட்சியைப் பார்க்க டூர் காசு கொடுக்கிறவர்களை என்னவென்று சொல்வது! நடு வியட்நாமில் ஹுவே–டா நாங் பாதையும் அப்படித்தான். 2005இல் சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து பஸ்கள் ஹாய் வான் கணவாய்க்குக் கீழே புகுந்து போய்விடுகின்றன. பகலில் ரயில் ஏறினால் கடலை ஒட்டியே மலையைச் சுற்றிக்கொண்டு போகும்.

என் கட்சி இதுதான்: பத்து மணி நேரத்துக்குக் குறைந்த தூரத்துக்கு ராத்திரி பஸ் வேண்டாம். ஹனோய்–ஹுவே மாதிரி பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரப் பயணம் என்றால் தாராளமாக ஏறுங்கள். மாலையில் கிளம்பினால் விடிந்த பிறகு ஊர் வந்து சேரும், கடைகளும் திறந்திருக்கும். வண்டி ஆடாத கீழ்ப் படுக்கையாக, முன்பக்கம் கேளுங்கள். முடிந்தால் கூடுதல் காசு கொடுத்து, தனித்தனித் தடுப்பும் திரையும் உள்ள கேபின் வண்டி. அதுவும் டிக்கெட்டில் இருக்கை எண்ணைப் பார்த்த பிறகே பணம்.

சாபாவுக்குக் காலை 7 மணி வாக்கில் ஹனோயில் கிளம்பும் பஸ் இருக்கிறது. ஜன்னலோரம் உட்காருங்கள். மதியம் இறங்கும்போது ரூமும் தயாராக இருக்கும்.