ஹால் டிவிக்கு ஒரு லிட்டர் கணினி போதும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப் உள்ள பெரும்பாலான கணினிகளில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது. அலுவலகங்கள் கழித்துவிட்ட சின்னக் கணினிகள் முடா, கேரோசல், ஷாப்பி என்று எங்கு தேடினாலும் கண்ணில் படுகின்றன. ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் சதுரம், மூன்றரை சென்டிமீட்டர் கனம். மொத்தக் கொள்ளளவு ஒரு லிட்டர்தான். டிவிக்குப் பின்னால் வைத்தால் இருப்பதே தெரியாது.

ஹால் டிவியில் படம் பார்க்க ஏதாவது பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸில் காசைக் கொட்டாதீர்கள், இந்தப் பழைய அலுவலகக் கணினியை வாங்குங்கள். "எல்லா சேனலும் இலவசம்" என்று விற்கும் பெட்டிகள் இரண்டு வகையில் ஆபத்து. 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த மலேசியப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, திருட்டு ஸ்ட்ரீமிங் கருவிகளை விற்பவருக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அடுத்து, மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே தீம்பொருள் ஏறி வருகிறது. அப்படித் தொற்றிய பெட்டிகளின் வலைப்பின்னலான பேட்பாக்ஸ் 2.0 பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரிக்கையே விட்டது. வீட்டு வைஃபையில் பேங்க் செயலியும் ஓடுகிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூட லேப்டாப்பும் ஓடுகிறது. அதே வலையில் இப்படி ஒரு பெட்டியைச் சேர்க்க எனக்கு மனம் ஒப்பாது.

எதை வாங்குவது? லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ, டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி. மூன்றும் எட்டாம் தலைமுறை. ஐ3 சிப்பே போதும், ஐ5-8500டி கிடைத்தால் நல்லது. 8 ஜிபி ரேம் போதும். 4 ஜிபி இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது, உள்ளிருக்கும் கிராஃபிக்ஸுக்கு இரட்டைச் சேனல் உதவும். எஸ்எஸ்டி 128 ஜிபி இருந்தாலே தாராளம். என் கணக்கு: அடாப்டரோடு 500 வெள்ளியைத் தாண்டினால் அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.

பட்ஜெட் இன்னும் குறைவா? ஏழாம் தலைமுறைக்கு இறங்கலாம், விண்டோஸ் இல்லாமல் ஓட்டப் போகிறோம் என்பதால் ஒன்றும் குறையாது. ஆறாம் தலைமுறைக்கு மட்டும் இறங்காதீர்கள். இப்போதைய 4கே கோப்புகள் பெரும்பாலும் எச்இவிசி 10 பிட் என்ற சுருக்க முறையில் வருகின்றன. ஏழாம் தலைமுறையில் அதை விரிக்கத் தனி வன்பொருள் உண்டு, ஆறில் அது முழுமையாக இல்லை. வேலை முழுக்க சிபியு தலையில் விழும். காற்றாடி இரைச்சல் போட ஆரம்பிக்கும், படம் திக்கித் திக்கி ஓடும். ஐ5-6500டி-க்கும் ஐ5-7500டி-க்கும் எண்ணில் வித்தியாசம் சிறியது, படம் பார்க்கும்போது மிகப் பெரியது.

பணம் கொடுக்கும் முன் பெட்டியை விற்பவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 அழுத்தி, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள். கடவுச்சொல் கேட்டால் வாங்காதீர்கள். பழைய நிறுவனம் பூட்டிவிட்டுப் போனதைத் திறப்பது பெரும்பாடு. அடுத்து அடாப்டர். "ஏதாவது 19 வோல்ட் போதும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். டெல் பெட்டி தன் அடாப்டரைத் தானே அடையாளம் பார்க்கும். தெரியாத அடாப்டர் என்றால் எச்சரிக்கை காட்டிவிட்டு சிபியு வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடும். வாங்கியவர் கணினியே மெதுவானது என்று நினைத்துக்கொள்வார். கோளாறு உண்மையில் அடாப்டரில்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறங்கள். பின்னால் ஒரே ஒரு திருகாணிதான். ஐந்தாறு வருட அலுவலகத் தூசி காற்றாடிக்கும் வெப்பத்தகட்டுக்கும் நடுவே கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும். காற்றாடி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் எடுங்கள். காய்ந்த தெர்மல் பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பச்சைப்பயறு அளவு புதிது வையுங்கள். சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் கடிகாரம் பின்னால் போய், இணையப் பக்கங்கள் சான்றிதழ் பிழை காட்டும். சாமி அறை ஹாலை ஒட்டியிருக்கும் வீடுகளில் சாம்பிராணிப் புகையால் தூசி பிசுபிசுவென்று ஒட்டும், அதனால் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் வைக்கவே வேண்டாம். நம் ஊர் வெக்கைக்கு அது அடுப்பு.

மென்பொருளுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக லிப்ரேஎலெக் என்ற லினக்ஸ் இயங்குதளம். பெட்டியைப் போட்டதும் நேராகப் படம் ஓட்டும் 'கோடி' என்ற செயலியில் போய் நிற்கும், வேறு எதுவும் கேட்காது. அதன் தளத்தில் இன்டெல் கணினிக்கான ஜெனரிக் பதிப்பை இறக்கி, 4 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவில் எழுதுங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள், இல்லையென்றால் பென்டிரைவிலிருந்து கிளம்பாது. மின்சாரம் போய் வந்தால் தானே எழ வேண்டும் என்ற அமைப்பும் அங்கேதான் இருக்கிறது. பிறகு லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நிறுவும்போது எஸ்எஸ்டி முழுவதும் அழிந்துவிடும், உள்ளே ஏதும் வேண்டியது இருந்தால் முன்பே எடுத்து வையுங்கள்.

கேபிள் விஷயத்தில் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள். இந்தத் தலைமுறைப் பெட்டிகளில் எச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4, 4கே படத்தை நொடிக்கு 30 ஃபிரேம் வரைதான் அனுப்பும். சினிமா 24 ஃபிரேம். ஆகவே படம் பார்க்க அதுவே போதும். கைப்பேசியில் 4கே 60-இல் எடுத்த வீடியோ ஓட வேண்டும் என்றால்தான் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.0-க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் தேவை. ஆக்டிவ் என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். பாஸிவ் வாங்கினால் பழையபடி 30 தான்.

கோடிக்குள் போனதும் அமைப்புகள் பக்கத்தின் கீழ் மூலையில் உள்ள பல்சக்கரத்தை எக்ஸ்பர்ட் நிலைக்கு மாற்றுங்கள். மெனுவை 1080-இல் வைத்து, வைட்லிஸ்டில் 4கே 24, 25, 30 ஆகியவற்றையும் 1080-இன் எல்லா வேகங்களையும் டிக் செய்யுங்கள். பிளேயர் பகுதியில் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்' என்பதை 'ஆன் ஸ்டார்ட், ஸ்டாப்' என்று வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் 24 ஃபிரேம் படம் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓடும். ஒரு ஃபிரேம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாறி மாறி வரும். கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் படம் இழுத்து இழுத்துப் போவது அதனால்தான். டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

வசனம் கேட்கவில்லை, சண்டைக் காட்சி மட்டும் காதைப் பிளக்கிறது என்ற புகார் எல்லா வீட்டிலும் உண்டு. டிவியின் சொந்த ஸ்பீக்கர் மட்டும் என்றால் ஆடியோவில் சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வையுங்கள், பாஸ்த்ரூவை அணையுங்கள். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை கோடியின் மீடியா ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸில் போட்டு, சப்டைட்டில் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் குப்பையாக வந்தால் கோப்பு பழைய குறியாக்கத்தில் இருக்கிறது. யுடிஎஃப்-8-க்கு மாற்ற வேண்டும்.

இன்டெல் அலுவலகப் பெட்டிகளில் எச்டிஎம்ஐ சிஇசி கிடையாது, டிவி ரிமோட் வேலை செய்யாது. யுஎஸ்பி டாங்கிள் உள்ள ஏர் மவுஸ் வாங்குங்கள். பட்டன் விட்டுவிட்டு வேலை செய்தால் பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் டாங்கிள் எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3.0 துளையில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழும், பக்கத்துத் துளையில் இருக்கும் டாங்கிள் அதில் அமுங்கிப்போகும். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளை டிவிக்கு முன்னால் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் எல்லாம் டிவியின் சொந்தச் செயலியிலேயே பாருங்கள். லினக்ஸில் நெட்ஃபிளிக்ஸ் 4கே வராது. எச்டிஆர்தான் முக்கியம் என்பவர்களுக்கும் இந்தப் பெட்டி ஒத்துவராது. ஆர்டிஎம் டிவி2 தமிழ்ச் செய்திக்கு டிவியில் உள்ள டிஜிட்டல் ட்யூனரே போதும்.

அப்படியானால் இதை எதற்கு வாங்கச் சொல்கிறேன்? உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும் வட்டுகளுக்காக. தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்குப் பிறகும் நடந்த கல்யாணம், காதுகுத்து, தைப்பூசக் காவடி எல்லாம் விசிடியிலும் டிவிடியிலும்தான் இருக்கின்றன. இந்த ஈரக்காற்றில் பதிவு செய்யும் வகை வட்டுகளின் பூச்சு அரித்துக்கொண்டே போகிறது. டிவிடியை லேப்டாப்பில் மேக்எம்கேவி கொண்டு அப்படியே எம்கேவி கோப்பாக்குங்கள், தரம் துளியும் குறையாது. ஒரு வட்டு 4.7 ஜிபி, நூறு வட்டுகள் அரை டிபிக்குள் அடங்கும். இவை 'பால்' (PAL) என்ற பழைய டிவி முறையில், நொடிக்கு 25 ஃபிரேமில், ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடு போட்டு எழுதப்பட்டவை. கை அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால், ஓடும்போதே வீடியோ அமைப்பில் டீஇன்டர்லேஸ் முறையை விஏஏபிஐ எம்சிடிஐ என்று மாற்றுங்கள். ரெஃப்ரெஷ் ரேட் அமைப்பு சரியாக இருந்தால் டிவி தானே 50 ஹெர்ட்ஸுக்குப் போகும். அத்தையின் சேலை பறக்கும் காட்சி அப்போதுதான் வழுக்கிக்கொண்டு ஓடும்.

விசிடியில் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் .dat என்று பெயர் முடியும் கோப்பு இருக்கும், அதை நகல் எடுத்தாலே கோடி ஓட்டும். கீறல் விழுந்த வட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். பெரும்பாலான விசிடியில் அந்தக் கோப்பின் பெயர் ஏவிசெக்01 என்றே இருக்கும். ஒரே ஃபோல்டரில் கொட்டினால் முதல் கல்யாணத்தின் மேல் இரண்டாவது கல்யாணம் ஏறி, முதலாவது காணாமல் போய்விடும். ஒவ்வொரு வட்டுக்கும் தனி ஃபோல்டர் போட்டு, ஆண்டு, ஊர், யார் வீட்டு விசேஷம் என்று பெயர் கொடுத்துவிட்டு அடுத்த வட்டைப் போடுங்கள்.