கதையும் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்

எங்கள் மாவட்டப் பள்ளி மாணவர்களுக்குக் காமிக்ஸ் ஓவியப் பயிலரங்கு நடந்த செய்தி மகிழ்ச்சி தந்தது. ஆனால் புகைப்படத்தில் எல்லார் தாளிலும் ஒரே முகமூடி வீரன்! பார்த்து வரைவது ஓவிய வகுப்பு. காமிக்ஸுக்குக் கதை வேண்டாமா? வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா அமைப்பினரின் முறை எளிது: நான்கு கட்டங்கள், இரண்டு ஏ4 தாள்களை ஒட்டிய சுவரொட்டி, உள்ளூர்ப் பிரச்சினை ஒன்று. நகலெடுத்து ஊர்ச் சுவரில் ஒட்டிவிடலாம்.

இன்னொன்று, வசனத்தை எழுதிய பிறகே அதைச் சுற்றிப் பேச்சுக் குமிழி வரையச் சொல்லுங்கள். குமிழியை முன்பே போட்டுவிட்டால் 'வந்துகொண்டிருக்கிறேன்' மூலையில் நசுங்கிக் கிடக்கும். முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்கட்டும். இல்லாவிட்டால் பதில் கேள்வியை முந்திக்கொள்ளும். 1972இல் முத்து காமிக்ஸ் என்ற தமிழ்ப் படக்கதை இதழ் பிறந்த சிவகாசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அடுத்த முறை பிள்ளைகளை அங்கே ஓர் அச்சகத்துக்கும் அழைத்துப் போகலாமே.