ஒளிப்புள்ளி இருக்கும் இடத்தில்தான் புரதம் உருவானதா?

பியூரோமைசின் என்பது உருவாகிக்கொண்டிருக்கும் புரதச்சங்கிலியில் சேர்ந்து அதை அடையாளம் காட்டும் மருந்து. நரம்பணுக்களில் அதன் ஒளிப்புள்ளிகளைக் காட்டி, "புரதம் இந்த சினாப்ஸிலேயே உருவானது" என்று (சினாப்ஸ் என்பது இரு நரம்பணுக்கள் இணையும் இடம்) ஒரு கட்டுரை சொல்வது அவசர முடிவு. பியூரோமைசின் சேர்ந்ததும் அரைகுறைப் புரதச்சங்கிலி, அதை உருவாக்கும் ரைபோசோமை விட்டுக் கழன்று நகர்ந்துவிடும். சங்கிலியைப் பிடித்துவைக்கும் என்று நம்பிச் சேர்க்கும் எமட்டின் மருந்தைச் சேர்த்தாலும் அது அங்கேயே நிற்பதில்லை என்று 2020-இல் காட்டிவிட்டார்கள். பியூரோமைசினில் ஊறவிடும் நேரம் கூடக்கூட, செல் உடலில் உருவான புரதமும் டென்ட்ரைட்டுக்கு (நரம்பணுவின் கிளைக்கு) வந்துசேரும். சில நிமிடங்களோடு நிறுத்துவதும், புரத உற்பத்தியைத் தடுக்கும் அனைசோமைசினை முன்கூட்டியே கொடுத்த ஒப்பீட்டு மாதிரி வைப்பதும் கட்டாயம் (பல படங்களில் இதைத்தான் காணோம்!).

புரதம் டென்ட்ரைட்டிலேயே உருவாகிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று, 2000-இல் ஹூபர், கேசர், பேர் செய்த சோதனை. எலி மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதித் துண்டில் டென்ட்ரைட்டுகளைச் செல் உடல்களிலிருந்து வெட்டிப் பிரித்த பிறகும், குளுட்டமேட் ஏற்பிகளைத் தூண்டும் டிஹெச்பிஜி மருந்து சினாப்ஸ்களை நீடித்து வலுவிழக்கச் செய்தது. புதிய எம்ஆர்என்ஏ (புரதத்துக்கான செய்முறையைத் தாங்கிய மூலக்கூறு) உருவாவதைத் தடுத்தாலும் இவ்விளைவு மாறவில்லை; புரத உற்பத்தியைத் தடுத்தால் நிலைக்கவில்லை.