காலையில் நீங்கள் அனுப்பியதைப் படித்தேன், அண்ணே

எங்கள் தொழிற்சாலை லைனில் வேலை செய்யும் ஒரு தம்பி, கிறிஸ்தவர் இல்லை, தைப்பூசத்துக்குத் தவறாமல் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறவர், போன வருடம் ஒரு நைட் ஷிப்டில் என்னிடம் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பல மாதமாகத் தள்ளிப்போட்டு வந்தது இது.

அப்போதெல்லாம் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவேன். சூரியன் உதிக்கிற படம், அதன்மேல் ஒரு வசனம், கீழே காலை வணக்கம். சர்ச் குழு, வாலிபர் குழு, சொந்தக்காரர்கள் குழு, பள்ளி நண்பர்கள் குழு, வேலை இடத்துக் குழு என்று மொத்தம் 11 குழுக்கள். அன்றைக்கு அனுப்பியது மத்தேயு 5:14, "நீங்கள் உலகத்துக்கு வெளிச்சமாயிருக்கிறீர்கள்". அன்றிரவு இரண்டு மணி இருக்கும், நேப்பாளத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பையன் மெஷினில் தவறான பாகங்களின் ரீலை மாட்டிவிட்டான். கவனிப்பதற்குள் நிறைய சர்க்யூட் போர்டுகள் ரிஜெக்ட். நான் லைன் லீடர், மேலே பதில் சொல்ல வேண்டியவன். அத்தனை பேர் நடுவில் அந்தப் பையனைப் பிடித்துத் திட்டினேன். அவனுக்கு மலாய் பாதிதான் புரியும், ஆனால் திட்டுவது எந்த மொழியில் இருந்தாலும் புரிந்துவிடும் இல்லையா. கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகத் தலையைக் குனிந்துகொண்டே நின்றான்.

பிறகு கேன்டீனில் கோப்பி குடிக்கும்போது அந்தத் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காலையில நீங்க அனுப்பினத படிச்சேன் அண்ணே" என்றார். அவ்வளவுதான். குத்திக்காட்டுகிற குரலே இல்லை. ஏதோ கேட்க வந்து, கேட்காமல் விட்டுவிட்ட மாதிரி இருந்தது. அவர் நன்றாகத் திட்டியிருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

ஷிப்ட் முடிவதற்குள் அந்தப் பையனிடம் போய், எல்லாரும் இருக்கும்போதே, மின்தா மாஃப், மன்னித்துக்கொள் என்று மலாயில் சொன்னேன். "தாக் ஆப்பா, போஸ்", பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தான். அவன் மன்னித்தானா, வேறு வழியில்லாமல் சொன்னானா, எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் இருப்பது பினாங்கின் பெருநிலப் பக்கம் பிறை என்ற ஊரில், வேலை தீவிலுள்ள பாயான் லெப்பாஸில். ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து பாலம் ஏறும்போது இங்கே இன்னும் சரியாக விடிந்திருக்காது. அன்றைக்கு மழையும் தூறிக்கொண்டிருந்தது. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். முன்னால் போகிற மோட்டார்களின் பின்பக்க ரிப்ளெக்டர்கள் என் ஹெட்லைட் பட்டுப் பட்டுச் சிவப்பாக மின்னிக்கொண்டே வந்தன. ஒரு மோட்டாரில் மட்டும் ஒன்றுமே தெரியவில்லை, பக்கத்தில் போனபிறகுதான் ஆள் இருப்பதே தெரிந்தது. பின்னால் முழுக்கச் சேறு அப்பியிருந்தது. ரிப்ளெக்டர் இருந்ததுதான். உடையக்கூட இல்லை.

பிரசங்கங்களில் நமக்கு எப்போதும் நிலாவை உதாரணம் சொல்வார்கள், நிலாவுக்குச் சொந்த ஒளி இல்லை, சூரியனிடம் வாங்கித் தருகிறது என்று. நல்ல உதாரணம்தான். ஆனால் எனக்கு அதைவிட இந்த ரிப்ளெக்டர்தான் பிடித்திருக்கிறது. முகம் பார்க்கிற கண்ணாடி தன்மேல் விழும் ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடும். ரிப்ளெக்டருக்குள் பொடிப்பொடியாகப் பட்டை வெட்டியிருப்பதால், எந்தத் திசையிலிருந்து ஒளி வந்ததோ அந்தத் திசைக்கே திருப்பி அனுப்பும். மத்தேயு 5:16-ஐ அதோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். மனுஷர் நம் நற்கிரியைகளைக் கண்டு மகிமைப்படுத்த வேண்டியது நம்மை இல்லை, "பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதாவை". வந்த இடத்துக்கே போக வேண்டிய ஒளி அது. நான் 11 குழுக்களுக்கு வசனம் அனுப்பிவிட்டு எத்தனை பேர் ஆமென் போட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேனே, அந்த ஒளி என்னிடமே நின்றுவிட்டது.

அந்த வாரம் யாத்திராகமம் 34-ஐத் திரும்ப வாசித்தேன். மோசே 40 நாள் இரவும் பகலும் மலையில் இருந்துவிட்டு இறங்கி வருகிறார், முகம் பிரகாசிக்கிறது. 29-ஆம் வசனத்தில் அதற்குக் காரணம் எழுதியிருக்கிறது, "தன்னோடே அவர் பேசினதினாலே". இதைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், அந்த மூன்று வார்த்தையில் கண் நின்றதே இல்லை. மோசே நிறைய பேசினதினாலே என்று அங்கே இல்லை. கர்த்தர் மோசேயோடு பேசினதினாலே. என் ஜெபமோ ஒரு பட்டியல். அம்மாவின் சர்க்கரை குறையணும், கார் கடன் அடையணும், மகளுக்குப் பரீட்சை, ஆமென். நான் பேசி முடித்ததும் எழுந்துவிடுவேன். அவர் பேச நேரமே கொடுத்ததில்லை. அதே வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது, தன் முகம் பிரகாசித்திருப்பதை மோசே "அறியாதிருந்தான்". ஆரோனும் மற்றவர்களும்தான் பார்த்தார்கள். மோசே அதைப் பார்க்கவும் இல்லை, தேடவும் இல்லை.

வேத வாசிப்பிலும் எனக்கு இதே கோளாறுதான் இருந்தது. ஒரு வருடத்தில் முழு வேதாகமம் என்று ஜனவரியில் ஆரம்பிப்போம் அல்லவா. 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள், ஒரு நாளைக்கு மூன்றுக்கும் கொஞ்சம் மேலே. லேவியராகமத்தில் பின்தங்கிவிடுவேன், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து பதினைந்து அதிகாரத்தை ஓட்டமாக ஓட்டிக் கணக்கை நேர் செய்வேன். வாசித்ததில் ஒரு வரி கேட்டால் சொல்லத் தெரியாது. இந்தத் திட்டத்தில் நன்மை அடைகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அது ஓட்டியை, அதாவது ஓவர்டைமை, கணக்குப் போடுகிற மாதிரி ஆகிவிட்டது.

என் பாட்டி கூலிம் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவர். குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்று விடியுமுன்னே எழுந்து, பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, போவதற்கு முன் மண்ணெண்ணெய் விளக்கில் ஒரே ஒரு வசனம் வாசிப்பார். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அதனால் ஒன்றுக்கு மேல் முடியாது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் அந்த வசனத்தையே முணுமுணுத்துக்கொண்டு போவாராம். லயத்து வீடுகளில் பெரிய சண்டை வந்தால் ஆட்கள் தலைவரைத் தேடிப் போவதற்கு முன் பாட்டியைத்தான் கூப்பிடுவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் அங்கே போய் என்ன பேசினார் என்று கேட்டேன். பெரும்பாலும் ஒன்றும் பேசமாட்டார், இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்றார் அப்பா.

அதனால் நானும் மாற்றிக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு வசனம். கம்பெனி மோட்டார் பார்க்கிங்கில் பத்து நிமிடம் முன்னதாகவே போய், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பேன். இயேசு "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து" என்று சொன்னார், எனக்கு அந்த ஹெல்மெட்தான் அறைவீடு. முதல் ஐந்து நிமிடம் கேட்பதில்லை, பேசுவதில்லை, அந்த வசனத்தோடு சும்மா இருப்பது. பிறகு லைனில் இருக்கிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பேன். அந்த நேப்பாளப் பையனின் ஊரில் அவனுடைய அம்மா தனியாக இருக்கிறார் என்பதே, அவனுக்காக என்ன ஜெபிப்பது என்று தெரியாமல் அவனிடம் போய் விசாரித்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. ஏழு மணிக்கு ஒருவன் பெயரைக் கர்த்தரிடம் சொல்லிவிட்டு, எட்டு மணிக்கு அவன்மேல் பாய்வது கஷ்டம். முடியாது என்று சொல்லமாட்டேன், எனக்கு இரண்டு தடவை முடிந்திருக்கிறது. ஆனால் கஷ்டம்.

2 கொரிந்தியர் 3:18-இல் பவுல், நாம் கர்த்தருடைய மகிமையைக் கண்ணாடியிலே காண்கிறதுபோலக் கண்டு மறுரூபப்படுகிறோம் என்கிறார். மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல்லுக்குக் கண்ணாடியில் காண்பது என்றும், கண்ணாடிபோலப் பிரதிபலிப்பது என்றும் இரண்டு விதமாகவும் பொருள் சொல்கிறார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடி பெரும்பாலும் மெருகு போட்ட உலோகம், துடைக்காமல் விட்டால் மங்கிவிடும். யாத்திராகமம் 38:8-ஐப் பாருங்கள், பெண்களின் "தர்ப்பணங்களால்" வெண்கலத் தொட்டி செய்தார்கள் என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும். தர்ப்பணம் என்றால் அங்கே கண்ணாடி. ஆசாரியர்கள் கை கால் கழுவுகிற தொட்டி, முகம் பார்த்த கண்ணாடிகளால் ஆனது! இதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஒவ்வொரு ஜூலையிலும் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்குப் போவோம். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை, ஆனாலும் போவோம், இங்கே எல்லாரும்தான் போகிறார்கள். இருட்டில் பவனி வரும்போது அத்தனை மெழுகுவர்த்தியும் ஒன்றிலிருந்து ஒன்று பற்றிக்கொண்டே போவதைப் பார்த்தால் கண் கலங்கிவிடும். போன தடவை பவனி முடிந்து வெளியே வந்ததும் நெரிசலில் கார் அரை மணி நேரம் நகரவில்லை, ஹார்னை அழுத்தப் போனது மெழுகுவர்த்தி பிடித்திருந்த அதே கைதான். மகள் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்துவிட்டேன்.

வீட்டைப் பற்றி எழுதத்தான் எனக்குத் தயக்கம், ஆனால் அதை விட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். மத்தேயு 5:15-இல், மரக்காலால் மூடாமல் விளக்குத்தண்டின்மேல் வைத்த விளக்கு யாருக்கு வெளிச்சம் கொடுக்கும் என்று சொல்லியிருக்கிறது? "வீட்டிலுள்ள யாவருக்கும்". ஊருக்கு முன் வீடு. எங்கள் வீட்டிலோ என் மோட்டார் சத்தம் கேட்டதும் மனைவியும் மகளும் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். இதை மனைவியே ஒருநாள் மெதுவாகச் சொன்னார். சர்ச்சில் நான் சாட்சி சொல்லும்போது அவர்கள் இரண்டு பேரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சிலர் கேட்கிறார்கள், வெளிச்சம் என்றால் எல்லாவற்றுக்கும் வாயை மூடிக்கொண்டு சாதுவாக இருப்பதா என்று. இல்லை. ரீல் தப்பாக மாட்டினால் இன்றைக்கும் சொல்லத்தான் செய்கிறேன், தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறேன். அதே பையனுக்கு ஓட்டி மணிக்கணக்கு விடுபட்டபோது ஆபீசில் போய் அவனுக்காகக் கேட்டேன், இரண்டு தடவை நடந்தபிறகு கொடுத்தார்கள். ஆனால் புலம்பலை நிறுத்த முயற்சி செய்கிறேன், மேலே உள்ளவர்களைப் பற்றி கேன்டீனில் பேசுகிற அந்தப் புலம்பலை. பிலிப்பியர் 2-இல் உலகத்திலே சுடர்களைப்போலப் பிரகாசிப்பதோடு சேர்த்தே சொல்லியிருப்பது "எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமலும் தர்க்கிப்பில்லாமலும் செய்யுங்கள்" என்பதுதான். அதை எழுதும்போது பவுல் கட்டப்பட்டுக் காவலில் இருந்தார். முறுமுறுக்க அவருக்கு என்னைவிட அதிகக் காரணம் இருந்தது.

காலை வசனம் அனுப்புவதை நிறுத்திவிட்டேன், பலர் ஏன் என்று கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அனுப்புவது தப்பு என்று நினைக்கவில்லை. எனக்கு மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

இந்த வாரம் எனக்கு யாக்கோபு 1:19. கேட்கிறதற்குத் தீவிரம், பேசுகிறதற்குப் பொறுமை, கோபிக்கிறதற்குத் தாமதம், மூன்றும் ஒரே வாரத்தில் என்னால் ஆகாது. முதல் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் மறுபடியும் நைட் ஷிப்ட், காலையில் வந்து படுத்தால் ஜெபத்துக்கும் வேதத்துக்கும் நேரம் எனக்கு இன்னும் சரியாக அமையவில்லை. நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள், நீங்கள் எந்த நேரத்தில் உட்காருகிறீர்கள், தூங்குவதற்கு முன்பா, எழுந்த பிறகா? எழுதுங்கள்.