நேற்று எத்தனை பக்கம் வந்தது?

நாவல் எழுதுகிறவர் தனியறையில் தவம் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்புவதில்லை. பதினான்கு வருடமாக டிடிபி வேலை பார்க்கிறேன். நோட்டுப் புத்தகத்திலும் பழைய டைரியிலும் எழுதிக்கொண்டு வருகிற கதைகளைத் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் அந்தத் தவம் வேறு மாதிரி தெரியும்.

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி ‘சூதாடி’ நாவலை 26 நாளில் முடித்த கதை வாசகர்கள் பலருக்குத் தெரியும். 3000 ரூபிளுக்காக ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் கையெழுத்துப் போட்டிருந்தார். 1866 நவம்பர் 1க்குள் புது நாவல் வராவிட்டால், அடுத்த 9 வருடம் அவர் எழுதுவதையெல்லாம் காசு கொடுக்காமல் அந்த ஆள் அச்சிட்டுக்கொள்ளலாம். அதே வருடம் அவருடைய ‘குற்றமும் தண்டனையும்’ ஒரு பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு பகுதி எழுதித் தருகிறோம் என்று நண்பர்கள் முன்வந்தார்கள். அடுத்தவர் எழுதியதில் என் பெயரைப் போட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். சூதாட்டக்காரனைப் பற்றிய கதை அவர் மனசில் சில வருடமாகவே கிடந்தது. அக்டோபர் பிறந்தபோது கையில் பக்கம்தான் இல்லை.

மேதையின் வேகம் என்று சொல்லி இதை முடித்துவிடுகிறோம். எனக்கு அந்த இடத்தில்தான் ஆதங்கம். அக்டோபர் 4 அன்று, அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எழுத அந்த வீட்டுப் படியேறிய அன்னாவுக்கு 20 வயது. அப்பா இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சுருக்கெழுத்து படித்துவிட்டு முதல் சம்பாத்தியத்துக்காக வந்திருந்தாள். அவள் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகளைப் படித்தால், வீட்டு வேலைக்காரப் பெண்ணின் கட்டம் போட்ட பச்சைச் சால்வைகூட அவள் கண்ணில் பட்டது தெரிகிறது. ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் வருகிற சால்வை அதுதானோ என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அப்படி வாசிக்கிற ஒருத்திதான் எதிரில் உட்கார்ந்து எழுதினாள். முதல் நாள் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனதற்கு அவர் கடுகடுத்தார். அவள் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டார், உடனே மறந்தார்.

அப்புறம் ஒரு ஒழுங்கு வந்தது. இரவில் அவர் குறித்து வைப்பார். மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு வரை, நடுநடுவே டீக்கும் பேச்சுக்கும் நிறுத்தி, சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். வீட்டுக்குப் போய் அந்தச் சுருக்கெழுத்தை விரித்து நல்ல தாளில் எழுதி மறுநாள் கொண்டுவருவாள். நேற்று எத்தனை பக்கம் வந்தது, மொத்தம் எவ்வளவு ஆச்சு, முடித்துவிடுவோமா என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பாராம்.

இந்தக் கேள்வியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். பேர் பெற்றவரும் சரி, முதல் புத்தகம் எழுதுகிறவரும் சரி. நான் ஏழு பக்கம் என்றால், குரலில் ஒரு தெம்பு வருவது போனிலேயே தெரியும். தன் கிறுக்கலை வேறொருவர் சுத்தமான பக்கமாகத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் ‘இது நாவல்தான்’ என்று அவர்களுக்கே நம்பிக்கை வருகிறது. எழுதும் முறை பற்றிப் பேசுகிறவர்கள் விடிகாலை, காபி, மௌனம் எல்லாம் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 30, தஸ்தயெவ்ஸ்கியின் 45வது பிறந்தநாள். கடைசிப் பக்கங்களோடு அன்னா போனாள். அதுவரை துக்கத்துக்காகக் கறுப்பு உடுத்தியவள் அன்று ஊதாப் பட்டு உடுத்திப் போனாள். கெடு நாளில் ஸ்டெல்லோவ்ஸ்கி ஊரில் இல்லை. அலுவலகத்திலும் வாங்க மறுத்தார்கள். ராத்திரி காவல் நிலையத்தில் பிரதியை ஒப்படைத்து ரசீது வாங்கினார் தஸ்தயெவ்ஸ்கி. அடுத்த பிப்ரவரியில் அவருக்கும் அன்னாவுக்கும் கல்யாணம். அவருடைய ‘கரமாசவ் சகோதரர்கள்’ நாவலின் சமர்ப்பணத்தில் அவள் பெயர்தான் இருக்கிறது.

இப்போது ஒரு ஐயா எனக்கு நாவல் சொல்லிக்கொண்டிருக்கிறார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத முடிவதில்லை, வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புகிறார். ‘கமா போடும்மா’ என்று சொல்லிவிட்டு நிறுத்துவார். பின்னால் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த இடத்தில் அவசரப்பட்டு ஓட்டிவிடாமல், அவர் அடுத்த சொல்லுக்கு வருகிறவரை நானும் காத்திருக்கிறேன். நேற்றோடு 112 பக்கம்.