சமன்பாட்டின் எண்கள் கிராம் அல்ல
"வேதிச் சமன்பாட்டில் வாய்பாடுகளுக்கு முன்னால் நிற்கும் எண்கள் கிராம் கணக்கு" என்றொரு 'எளிய குறிப்பு' மாணவர்களிடையே சுற்றி வருகிறது. தவறு. அதை நம்பியே, நீர் உருவாகும் 2H₂ + O₂ → 2H₂O என்ற சமன்பாட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 கிராம் ஹைட்ரஜனும் 1 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து 2 கிராம் நீர் தர வேண்டும். மீதி 1 கிராம் எங்கே போயிற்று? நிறை அழியாது என்பதை பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 18ஆம் நூற்றாண்டிலேயே தராசில் நிறுத்துக் காட்டிவிட்டாரே!

அந்த எண்கள் சொல்வது மோல் விகிதத்தை. மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு. ஹைட்ரஜன் வாயு ஒரு மோல் சுமார் 2 கிராம், ஆக்சிஜன் வாயு 32, நீர் 18. ஆகவே 2 மோல், அதாவது 4 கிராம் ஹைட்ரஜனுக்கு 1 மோல், அதாவது 32 கிராம் ஆக்சிஜன் தேவை. கிடைப்பது 2 மோல், அதாவது 36 கிராம் நீர். மோல்கள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன, நிறை குறையவில்லை. கிராமில் கேள்வி வந்தால், முதலில் அதை மோலாக மாற்றிவிட்டுத்தான் விகிதத்தைத் தொட வேண்டும்.