கம்பம் வாங்க வேண்டியது யார்?

எங்கள் பெரியப்பாவின் ஊர் பர்மாவில் (இன்றைய மியான்மர்) பெகு வட்டாரத்தில், பெருஞ்சாலையிலிருந்து மூன்று மைல் உள்ளே, நெல்வயல்களுக்கு நடுவே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு அறுவடை முடிந்த கையோடு அங்கே வீடுவீடாகக் கரண்டுப் பணம் வசூலித்தார்கள். அது மாதக் கட்டணம் அன்று; கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர் அனைத்தையும் ஊரே வாங்கி நிறுத்துவதற்கான பணம். பர்மியர்கள் இதைக் ‘கோத்தூ கோத்தா’ என்பார்கள்; நம் வழக்கில் சொன்னால், தன் கையே தனக்குதவி. விலை ஏறட்டும் என்று வைத்திருந்த நெல்லை அவசரமாக விற்றுப் பெரியப்பா தம் பங்கைக் கட்டினார். நடவுக் கூலியில் பிழைக்கும் ஆறு குடும்பங்களால் கட்ட முடியவில்லை. அவர்கள் வாசல் வழியாகத்தான் கம்பி போகிறது. வீட்டுக்குள் மெழுகுவர்த்தி எரிகிறது. ஊர்ப் பணத்தில் எழுந்த அந்தக் கம்பங்களோ இன்று மின்துறையின் சொத்து.

நாடு ஏழை, அதனால் கிராமத்துக்கு மின்சாரம் இல்லை என்பது பாதி உண்மைதான். கயா மாநிலத்து லோப்பித்தா அருவி நீர்மின் நிலையம் ஜப்பான் தந்த போர் இழப்பீட்டுப் பணத்தில் கட்டப்பட்டு 1960-இல் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் ரங்கூன் வரை வந்தது; அருவிக்குப் பக்கத்திலேயே இருந்த சிற்றூர்கள் பல பத்தாண்டுகள் இருட்டில் கிடந்தன. யாருக்கு முதலில் என்று முடிவெடுத்தவர்களின் கணக்கில் அந்த ஊர்கள் இல்லை.

கட்டணக் கொள்கையும் அதே பக்கம்தான் சாய்ந்திருந்தது. 2019-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை வீடுகளுக்கு முதல் நூறு யூனிட்டும் யூனிட்டுக்கு 35 கியாட் (பர்மியப் பணம்) தான். உற்பத்திச் செலவுக்கே அது காணாது. இணைப்பு உள்ளவருக்காக அரசு நட்டத்தைத் தாங்கியது. இணைப்பு இல்லாத ஊர்க்காரர் டீசல் ஜெனரேட்டர் வைத்திருப்பவருக்குப் பல மடங்கு கொடுத்து, மாலையில் சில மணி நேரம் மட்டும் விளக்கேற்றினார். ஒவ்வொரு புதிய இணைப்பும் நட்டத்தைக் கூட்டும் என்றால், தொலைதூரச் சிற்றூருக்குக் கம்பி இழுக்க எந்தத் துறை அவசரப்படும்?

2014-இல் வகுத்த தேசிய மின்மயத் திட்டத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2030-க்குள் எல்லா வீட்டுக்கும் மின்சாரம் என்பது அதன் இலக்கு. 2015-இல் உலக வங்கி 40 கோடி டாலர் கடன் ஒதுக்கியது. 2019 இறுதியில் ஏறத்தாழ நாட்டின் பாதி வீடுகளுக்கு இணைப்பு இருந்தது. ஆனால் பெரிய கம்பி, அதாவது நாடு தழுவிய மின்கம்பித் தொடர், மின்துறை அமைச்சகத்தின் கையிலும், கம்பி எட்டாத ஊர்களுக்கான சூரிய ஒளி மின்சாரம் ஊரக வளர்ச்சித் துறையின் கையிலும் இருந்தன. நாளை பெரிய கம்பி வந்துவிட்டால் போட்ட முதல் என்னவாகும் என்று சிறு மின்நிலையம் அமைக்க வந்த நிறுவனம் தயங்கியது; சூரிய ஒளியை ஏற்றால் பெரிய கம்பிக்கான பட்டியலிலிருந்து பெயர் போய்விடுமோ என்று ஊர் அஞ்சியது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு உலக வங்கியும் பணம் வழங்குவதை நிறுத்தி வைத்தது.

இணைப்புச் செலவை மின்துறையே முதலில் ஏற்று, மாத பில்லில் சிறு தவணையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். பெரியப்பா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அந்த ஆறு வீடுகளில் ஒன்றுக்குத் தம் வீட்டிலிருந்து ஒரே ஒரு பல்புக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தார். விதிப்படி அது குற்றம் என்று சொல்லி, மறுமாதமே அவரையே அவிழ்க்க வைத்தார்கள்.